சவர்க்கார நுரை

அன்று சனிக்கிழமை. இறங்குதுறையில் மூதூர் லாஞ்சிப் படகில் ஏற்றவேண்டிய மூட்டைகளைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்காக வீடு திரும்பிய நான், படலையைத் திறக்கும் முன்னரே என் கடைசி மகளின் அழுகையைக் கேட்டேன். அழுகை எங்கள் வீட்டிலிருந்து வரவில்லை. அயல் வீட்டுக் கிணற்றடியிலிருந்து வந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அயல் வீட்டு முஸ்லிம் பெண்மணி என் மகளின் இரண்டு கைகளையும் தம் முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்து, கிணற்றடி மண்ணை அள்ளிப் பூசி, முழங்கை வரை உரஞ்சிக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. வேலிக்கு இப்பால் என் மனைவி, கையில் அகப்பையோடு, குரலை அடக்காமல் கத்திக்கொண்டிருந்தாள்.

"என்ர பிள்ளை என்ன தீட்டோ, ராத்தா? மண்ணைப் போட்டுத் தேய்க்கிறியள்! தோல் உரியப்போகுது, விடுங்கோ!"

"பொறுங்க தங்கச்சி. இன்னும் நாலு தரம் கிடக்கு. நாய்ர வாய்த்தண்ணி பட்ட கை. ஏழு தரம் கழுவாம உடமாட்டன்."

"அது உங்கட சட்டம். எங்கட பிள்ளைக்கு ஏன்?"

"கைக்கு என்ன சட்டம்? கை கைதான். புள்ள, ஆடாத!"

இரண்டு வீடுகளும் அரிதட்டையும் உலக்கையையும் வேலிக்கு மேலால் மாற்றிக்கொண்டு பல வருடங்கள் வாழ்ந்தவை. ஒரு நாயின் பொருட்டு அந்த உறவு முறியப்போகிறதே என்பதுதான் என் மனத்தில் முதலில் எழுந்த கவலை. அதைத் தணிக்கும் எண்ணத்தோடு, மெல்லிய குரலில் மகளிடம் கேட்டேன்.

"எந்த நாயம்மா?"

"மீன்வாடி நாய், அப்பா." விம்மலுக்கு நடுவே சொன்னாள். "கடிக்கேல்லை. நான்தான் துடைச்சு விட்டனான். பாவம், அது சவர்க்காரம் சாப்பிட்டிட்டுது. வாயெல்லாம் நுரை."

வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டேன். சண்டையை மறந்தேன். என் மகள் சொன்ன சவர்க்காரம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஒழுங்கையில் எல்லோரும் அறிவார்கள். ஆயினும் இதனை வாசிப்பவர் அறியும் பொருட்டு, அதற்கு முந்திய புதன்கிழமை மாலையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சி எங்கள் பட்டினத்துக்கு வந்த புதிது அது. எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு பெட்டிதான் இருந்தது. பாலைவன நாடொன்றில் சில வருடங்கள் சாரதியாக உழைத்துத் திரும்பிய அயல் வீட்டுக்காரர் அதனைக் கொண்டுவந்திருந்தார். கிண்ணியாவிற் பிறந்து, எங்கள் ஒழுங்கையிற் பெண் எடுத்தவர். வயதில் என்னிலும் இளையவர். என்னை "அண்ணன்" என்றே அழைப்பார். கூரையிலும் உயர்ந்த இரும்புக் குழாயொன்றின் உச்சியில் அன்ரனாவைக் கட்டியிருந்தார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது தன் பாட்டில் திரும்பிவிடும். வெளியே ஒருவர் குழாயைப் பிடித்துத் திருப்ப, உள்ளே இன்னொருவர், "காணும், காணும், ஐயோ, கூடிப்போச்சு" என்று கூவ, அந்தக் கூக்குரல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் உருவங்கள் தோன்றும். அவர் வீட்டு மண்டபத்தில் கதிரைகள் பெரியவர்களுக்கு, பாய் பிள்ளைகளுக்கு, வாசல் நிலை பிந்தி வந்தவர்களுக்கு.

வாரத்தில் ஒரு மாலை, புதன்கிழமைகளில், சித்திரப் படமொன்றில் ஒரு நாய் வரும். அதன் பேச்சு ஆங்கிலத்தில் இருந்தது. நானும் அகராதியின் துணையோடு கற்ற சொற்களை வைத்துக்கொண்டு பாதியைத்தான் விளங்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு அந்தப் பாதியும் தேவைப்படவில்லை. அந்த நாய் இரண்டு காலில் நடக்கும். கட்டிலில் போர்வைக்குள் உறங்கும். கழுத்தில் துண்டு கட்டி மேசையிலிருந்து உண்ணும். வெட்கம் வந்தால் ஒரு காதை இழுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். மலையிலிருந்து விழுந்தால் கடுதாசிபோலத் தட்டையாகி, ஒரு தடவை உடம்பை உதறிவிட்டு எழும்பும். அதன் பசி சிரிப்பூட்டியது. அதன் பயமும் சிரிப்பூட்டியது. அதற்கு உண்ணியில்லை, சொறியில்லை. அதனை யாரும் கல்லால் எறிந்ததில்லை. எறிந்தாலும் கல் எறிந்தவன் தலையிலேயே வந்து விழும்.

எங்கள் பிள்ளைகள் தெருவில் திரியும் நாய்களை "அது" என்றுதான் சொல்வார்கள். படத்து நாயை "அவர்" என்றார்கள். "அவர் வந்திட்டார்!" என்று ஒரு குரல் எழுந்தால், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் குளிப்பை விட்டு ஓடி வரும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

நாயைத் தம் வளவுக்குள் விடாத குடும்பம் அயல் வீட்டுக் குடும்பம். முதல் நாள் அந்த நாய் திரையில் தோன்றி எஜமானின் முகத்தை நாவால் நக்கியபோது, மண்டபத்திலிருந்த எல்லோரும் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தோம். கணவர் சீண்டினார்.

"என்ன புள்ள, பெட்டிய வெளிய தூக்கி வைப்பமா?"

பெண்மணி திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த நாய்க்கு ஈரம் இல்லயே. காஞ்ச நாய். ஈரமில்லாட்டிப் பிழையில்ல. எதுக்கும் ஒங்கட சாரத்தக் கொஞ்சம் இழுத்து வச்சுக்கோங்க."

மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. அதன் பின் அந்த நாய் அந்த வீட்டில் தடையின்றி உலாவியது.

அது செய்த நன்மையையும் நான் மறைக்கக் கூடாது. அதுவரை நாயைக் கண்டால் கல்லெடுத்த பிள்ளைகள், கரையிலுள்ள மீன்வாடிக் கொட்டிலில் படுத்துக்கிடந்த ஒரு மண்ணிற நாய்க்கு மீன்தலை கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குக் காதைத் தடவி விட்டார்கள். இரண்டு காலில் நடக்கவும் பழக்கிப் பார்த்தார்கள், அது மறுத்துவிட்டது. என் மகள்தான் அவர்களுள் முன்னின்றவள்.

முந்திய புதன்கிழமைப் படத்தில், அந்த நாய் குளிக்கும் தொட்டிக்குள் விழுந்து ஒரு சவர்க்காரக் கட்டியை விழுங்கிவிட்டது. வாயிலிருந்து நுரை பொங்கியது. உதவி தேடி வீதிக்கு ஓடியது. விசர் நாய், வெறி பிடித்த நாய் என்று ஊரே அலறியது. பொலிஸ்காரர் மரத்தில் ஏறினார். நாய் பிடிப்பவன் தன் வலையில் தானே சிக்கினான். கடைசியில் தலையில் பட்டி கட்டிய ஒரு சிறுமி பயமின்றி வந்து, வெறுங்கையால் அதன் வாயைத் துடைத்து, மூக்கில் முத்தமிட்டுக் கொஞ்சினாள். நாயின் வயிற்றிலிருந்து ஒரு பெரிய குமிழி எழும்பி வெடித்தது. ஊர் வெட்கிச் சிரித்தது. எங்கள் மண்டபமும் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பற்படைத் தளம் வெள்ளைக்காரரின் கையில் இருந்த காலத்தில், இறங்குதுறையில் என்னோடு மூட்டை சுமந்த ஒருவரை நாய் கடித்தது. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. புண் ஆறிப் பல வாரங்களின் பின் ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். தாகம் என்றார். குவளையை நீட்டினேன். குவளையைக் கண்டதும் அந்தப் பலசாலியின் தொண்டை இறுகியது. உடம்பு கட்டிலிலிருந்து துள்ளியது. அடுத்த தடவை நான் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

ஆகவே அந்தப் புதன்கிழமை நான் எழுந்து, "பிள்ளையள், இது படம். உண்மையான நாய்க்கு வாயில நுரை கண்டால் கிட்டப் போகக்கூடாது" என்று சொன்னேன்.

"ஐயா, மறைக்குது! தலையை எடுங்கோ!" என்று பின்னால் இருந்து ஒருவன் கத்தினான்.

"அண்ணன், அது சவுக்காரம்" என்றார் அயல் வீட்டுக்காரர். "பொலிசுக்காரனுக்குத்தான் வெளங்கல்ல எண்டா ஒங்களுக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அமர்ந்துவிட்டேன்.

இனிக் கிணற்றடிக்குத் திரும்புகிறேன். ஏழாவது தடவையும் தண்ணீர் ஊற்றி முடித்த அந்தப் பெண்மணி, மகளின் கைகளை வெயிலுக்கு உயர்த்திக் காட்டினார். வலக்கைச் சுட்டுவிரலில் ஒரு கீறல் வாய் திறந்து வெளிறிக் கிடந்தது. முதல்நாள் நண்டு உடைத்தபோது ஓடு வெட்டிய காயம். அதை நானே மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தேன். கட்டு இப்போது இல்லை.

"துணி எங்கை, பிள்ளை?"

"அது நனைஞ்சு போச்சு. வாடியடியில எறிஞ்சிட்டன்."

என் மனைவியின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. சத்தம் கேட்டு வந்து நின்ற அயல் வீட்டுக்காரர் உள்ளே போய்த் தம் மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டினார். மகளை நடுவில் இருத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் இளைஞர், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாக் கழுவிக் கிடக்கு. ஆர் கழுவினது?"

"என்ர வீட்டுக்காரி" என்றார் அயல் வீட்டுக்காரர், தயங்கியபடி. "எங்கட முறைப்படி. ஏழு தரம், ஒருதரம் மண் போட்டு."

"நான் நிண்டிருந்தாலும் இவ்வளவு கழுவியிருக்க மாட்டன். நாயின்ர எச்சில் பட்ட புண்ணுக்கு முதல் மருந்து உடன கழுவுறதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனால் அது போதும் எண்டு சொல்ல ஏலாது, ஐயா. நாய் இப்ப எங்கை?"

"தெரியேல்லை."

"உயிரோட இருந்தால் கட்டி வையுங்கோ, கிட்டப் போகாமல். செத்திருந்தால் தலை வேணும். தலை உடையாமல் ஐசுக்குள்ள வைச்சுக் கொழும்புக்கு அனுப்பினால், மூளையைச் சோதிச்சு விசரோ இல்லையோ எண்டு சொல்லுவினம். இதை ஏன் கேக்கிறன் எண்டால், ஊசியும் லேசான ஊசியில்லை. வயித்தைச் சுத்திப் போடுறது. அருமையா எங்கையோ ஒருத்தருக்குக் கைகால் விளங்காமல் போறதும் உண்டு. தேவையில்லாமல் போட எனக்கு விருப்பமில்லை. தேவை எண்டால் பிந்தவும் கூடாது."

மகளை அயல் வீட்டுக்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டு நான் கரைக்கு ஓடினேன். என் வாழ்நாளில் ஒரு தெருநாய் உயிரோடிருக்க வேண்டும் என்று அவ்வளவு மனமுருகி நான் வேண்டியதில்லை.

எங்கள் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றிப் பெருமை பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். மாடோ நாயோ செத்துக் கரையில் கிடந்தால், சாக்கிற் போட்டுக் கல்லைக் கட்டி, வள்ளத்தில் கொண்டுபோய் அந்த ஆழத்தில் விட்டுவிடுவது கடலோரத்தாரின் வழக்கம். மணலிற் புதைத்தால் மற்ற நாய்கள் கிளறும். ஆழத்தில் விட்டது ஒருபோதும் திரும்பி வந்ததில்லை. நான் வாடியை அடைந்தபோது ஒரு வள்ளம் கரையேறிக்கொண்டிருந்தது. துடுப்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த மூவரும் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்கள்.

"அண்ணை, பயப்படாதேங்கோ, அலுவல் முடிஞ்சுது!" என்றார் மூத்தவர். "உங்கட பிள்ளையின்ர கையில வாய் வைச்ச நாயை விடுவமோ?"

"எங்கை அது?"

"நடு ஆழத்தில. நங்கூரம் நிலம் தேடுற இடம்."

"ரெண்டு கல்லுக் கட்டினனாங்கள்" என்றார் மற்றவர். "கப்பல்காரனுக்குக் குடுக்கிற மரியாதை."

"எனக்கு அதின்ர தலை வேணும்" என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இளையவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயாவுக்கு வெயில் பிடிச்சிட்டுது. நிழலுக்கு வாங்கோ" என்றான்.

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர்களின் முகங்களிலிருந்த பெருமை வடிந்துபோனதைப் பார்ப்பது எனக்கு வேதனையாக இருந்தது. என் மகள்மேல் வைத்த அன்பினால்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். மூத்தவர் துடுப்பை மணலில் ஊன்றி, அதன் பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"தலையிலதான் அடிச்சது, அண்ணை. எடுத்தாலும்..." என்றார். இளையவன் மட்டும் வள்ளத்தை மறுபடி தண்ணீருக்குத் தள்ளப் போனான். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். டாக்டர் நான் சொன்னவற்றைக் கேட்டுவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"சவர்க்காரம் எண்டு பிள்ளை சொல்லுது. கரையில மீன் கழுவுற இடத்தில சவர்க்காரமும் கிடந்திருக்கலாம். நாய் மற்றப்படி எப்படி நடந்தது எண்டு கண்டது இந்தப் பிள்ளைதான். என்னட்டச் சொல்லாது, வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாயைத் திறக்குதில்லை. நீங்கள் விசாரியுங்கோ. வெருட்டாமல்."

வெளியே நீண்ட விறாந்தையில் ஒரு வாங்குப் பலகை இருந்தது. மகள் அதன் ஓரத்தில் கால்களைத் தொங்கப் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் அமர்ந்தேன். நேரே கேட்டால், ஏச்சுக்குப் பயந்து எனக்கு விருப்பமான மறுமொழியைச் சொல்லிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு விருப்பமான மறுமொழி அன்று அவளுடைய உயிரைப் பறித்துவிடக்கூடும்.

"புதன்கிழமைப் படம் எனக்கு வடிவா விளங்கேல்லை, பிள்ளை. என்ன நடந்தது எண்டு ஒருக்காச் சொல்லன்."

அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். "நீங்களும் பார்த்தனீங்கள்தானே?"

"என்ர தலையை எடுக்கச் சொல்லிப் போட்டாங்கள். பிறகு எங்கை பார்க்கிறது?"

அவள் முகத்தில் சிறு சிரிப்பு வந்தது. சொல்லத் தொடங்கினாள்.

"அவர் குளிக்கிற தொட்டிக்குள்ள விழுந்திட்டார். சவர்க்காரத்தை விழுங்கிப் போட்டார். நுரை வந்திட்டுது. ஆக்கள் எல்லாம் ஓடினவை. அவருக்குச் சரியான தண்ணி விடாய். தண்ணி குடிக்கப் போனவர். குடிக்க ஏலாமல் போச்சு. நாக்கைப் போட்டுப் போட்டு எடுக்கிறார், உள்ளுக்குப் போகுதில்லை. வாய் மூடுதுமில்லை. எல்லாம் வெளியால வழிஞ்சிட்டுது."

படத்தில் அந்த நாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு துளியும் குடிக்க முயலவில்லை. அதை நான் நன்கு அறிவேன். குவளையைக் கண்டு துள்ளிய மனிதனை மறக்காத எவனும் அதைக் கவனித்திருப்பான்.

"எங்கை குடிக்கப் போனவர்?" என்று, குரல் மாறாமல், கேட்டேன்.

"வாடிக்குப் பக்கத்தில. ஐஸ் உருகி ஓடுற வாய்க்காலில."

"ம்."

"அதுதான் நான் நினைச்சனான், சவர்க்காரத்தைத் துடைச்சு விட்டால் குடிக்கும் எண்டு. அந்தப் பிள்ளை கையாலதானே துடைச்சது. நானும் கையால..." அப்போதுதான், கதை படத்தைவிட்டு வாடிக்கு வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

நான் முன்னால் நின்ற வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு, "பிறகு அந்தப் பிள்ளை மூக்கில கொஞ்சினது" என்றேன்.

அவள் சட்டை நுனியை விரலில் சுற்றினாள். விறாந்தையின் மறுகோடியில் ஒரு தாதி வாளியை நிலத்தில் வைத்த ஓசை கேட்டது.

"நீயும் கொஞ்சினியோ, அம்மா? ஏச மாட்டன்."

"கொஞ்சப் போனனான்." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அது மூஞ்சையைத் திருப்பிப் போட்டுது. பார்க்கவும் இல்லை. அவர் எண்டால் திருப்பியிருக்க மாட்டார்."

என்னை அறியாமல் அவள் தலையை என் மார்போடு அணைத்துக்கொண்டேன். பிறகு எழுந்துபோய் டாக்டரிடம், அவள் சொன்ன ஒழுங்கிலேயே, ஒரு சொல்லையும் கூட்டாமல் சொன்னேன். தண்ணீர் வழிந்த இடத்திற்கு வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"காணும், ஐயா. தலை வேண்டாம். இண்டைக்கே தொடங்குவம்."

அன்றே முதல் ஊசி போடப்பட்டது. அதன் பின் ஒவ்வொரு நாளும் காலையில், இறங்குதுறையில் அனுமதி பெற்றுக்கொண்டு, அவளை அழைத்துப் போனேன். அவள் வயிற்றில் ஊசி இறங்கும்போது என் கையை அழுத்துவாள். அந்த அழுத்தத்தில் வலு குறைகிறதா என்று நான் கவனிப்பேன். வீட்டுக்கு நடக்கும்போது அவளுடைய கால்களைப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒரு கல் தடக்கி அவள் தடுமாறினாலும், டாக்டர் சொன்ன கைகால் விளங்காத நோய் வந்துவிட்டதோ என்று அவளை நிறுத்தி, மறுபடி நடக்கச் சொல்வேன்.

"அது எங்கை, அப்பா?" என்று ஒருநாள் கடற்கரை வீதியில் கேட்டாள். மறைப்பதில் பயனில்லை என்று எண்ணி, நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் துறைமுகத்தின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர் எண்டால் எழும்பி வந்திருப்பார்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

என் மனைவிக்கு டாக்டர் கழுவலைப் பற்றிச் சொன்ன சொல்லை நான் அன்றே சொல்லியிருந்தேன். அவள் இரண்டு நாள் வேலிப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் பிட்டும் முருங்கையிலைச் சுண்டலும் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குப் பழக்கமில்லை.

"ராத்தா, எட்டாந்தரமும் கழுவியிருக்கலாம்" என்றாள்.

"ஏழுதான் அளவு, தங்கச்சி" என்றார் அவர், கிண்ணத்தை வாங்கிக்கொண்டே. "எட்டாவது ஒங்கட வாயக் கழுவ வச்சிருக்கன்."

இருவரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே இருவரும் அழுததை நான் குசினி யன்னலால் கண்டேன்.

அடுத்த புதன்கிழமை மகளை அந்த மண்டபத்துக்கு விடுவதா என்று எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம் எழுந்தது. கடைசியில் நானே அழைத்துப் போனேன். வயிறு கன்றியிருந்ததால் பாயில் இருக்க முடியாமல், அயல் வீட்டுப் பெண்மணியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அன்று அந்த நாய் ஒரு பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்து, வாயிலிருந்து மீன்களைத் துப்பிக்கொண்டு கரையேறியது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். என் மகளும் சற்றுச் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மாமி, அவர் தண்ணி குடிக்கிறதை நீங்கள் எப்பவாவது கண்டனீங்களோ?"

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். எனக்கும் நினைவில் வரவில்லை. அன்றிலிருந்து நான் அந்த நாயை வேறு கண்ணோடு பார்த்தேன். அதை வரைந்தவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. மனிதனிடம் உள்ள நாணத்தையும் களவையும் சோம்பலையும் எடுத்து ஒரு நாயின் இரண்டு காதுகளுக்குள் வைத்துவிட்டார்கள். எலும்பும் இனிப்பும் ஐஸ்கிறீமும் அதற்கு அள்ளிக் கொடுத்தார்கள். தாகத்தை மட்டும் கொடுக்கவில்லை. தாகம் உள்ள உயிரை அவ்வளவு எளிதிற் சிரிப்புக்குரியதாக்க முடியாது என்று அவர்கள் அறிந்திருக்கலாம். அல்லது எண்ணிப் பாராமல் விட்டிருக்கலாம். நானோ அவர்களை நோகவில்லை. நுரையைக் கண்டு ஓடிய பெரியவர்களை அந்தப் படம் கோழைகளாகக் காட்டியது. ஓடாத பிள்ளையை நல்ல பிள்ளையாகக் காட்டியது. என் மகள் நல்ல பிள்ளையாக இருக்க விரும்பினாள். அவ்வளவுதான் நடந்தது.

ஊசிகள் முடிந்தன. "இனிச் சில மாதம் கவனமாப் பாருங்கோ" என்றார் டாக்டர். எதைப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் நான் அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். காலையில் செம்பிலிருந்து வார்க்கும்போது பார்த்தேன். பள்ளிக்கூடத்தால் வந்து குசினிக்குள் ஓடும்போது பின்னால் போய்ப் பார்த்தேன். சோற்றுக்கு நடுவே மிடறு விழுங்கும்போது என் கவளத்தை நிறுத்திப் பார்த்தேன். தொண்டை அசைந்து தண்ணீர் இறங்கும் வரை என் மூச்சும் இறங்குவதில்லை. ஒருநாள் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோனவள், அதற்குள் எறும்பொன்றைக் கண்டு முகத்தைச் சுளித்துக் குவளையைத் தள்ளினாள். நான் கதிரையோடு விழுந்தேன். எறும்பை அவள் விரலில் எடுத்துக் காட்டிய பிறகும் நான் எழவில்லை; அவள் குடித்து முடித்ததைப் பார்த்துத்தான் எழுந்தேன். அவளுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. ஆயினும் வீட்டில் தண்ணீரைச் சுற்றி ஒரு பயம் நிற்கிறது என்பதை அவள் உணர்ந்திருக்க வேண்டும்.

மாரி மழை பெய்து கிணறு நிறைந்திருந்த ஒரு பின்னேரம், விளையாடிக் களைத்து வந்தவள் வாளியிலிருந்தே குவளையால் தண்ணீரைக் கோலி எடுத்தாள். நான் வழக்கம்போல வாசல் நிலையில் வந்து நின்றேன். அவள் குடிக்கவில்லை. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"நீங்கள் பார்த்துக்கொண்டு நிண்டால் எனக்குக் குடிக்க ஏலாது. விக்குது. அங்கால திரும்புங்கோ."

டாக்டர் சொன்ன காலம் அப்போது கடந்திருந்தது. இருந்தும் திரும்புவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, முற்றத்து மழைச்சேற்றின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றேன். எனக்குப் பின்னால், ஒரு மிடறு, இன்னொரு மிடறு, பிறகு இடைவிடாமல், அவள் குடித்து முடிக்கும் ஓசை கேட்டது.